அடைக்கலம் தேடியவர்கள் அடைக்கலம் மறுத்த கதை

நான் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே எங்களுக்குத் தந்த ஆங்கில வாசிப்புப் புத்தகம் ஒன்றில் ஒரு கப்பலின் படம் இருந்தது. புயலிற் சாய்ந்தாடும் பாய்மரக் கப்பல். அதன் மேற்றளத்தில் முழந்தாளிட்டு வேண்டுதல் செய்யும் ஆண்களும் பெண்களும். கீழே "மேபிளவர், 1620" என்ற எழுத்துக்கள். தம் மனச்சாட்சி சொன்னபடி கடவுளை வழிபடுவதற்காக வீடுவாசலைத் துறந்து, கடல் கடந்து, அமெரிக்கக் காட்டிலே புதுவாழ்வு தொடங்கிய வீரர்கள் இவர்கள் என்று ஆசிரியர் உருக்கமாகச் சொல்லித் தந்தார். காலையிலே பாடசாலை வழிபாட்டில் நின்றுவிட்டு, மாலையிலே அம்மாவுடன் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் என்போன்ற பிள்ளைக்கு அந்தக் கதை மிகவும் பிடித்திருந்தது. அவர்கள் என் கட்சி என்றே எண்ணினேன்.

கப்பல் கரை சேர்ந்ததும் பாடமும் முடிந்துவிட்டது. கரையிறங்கிய பின் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை. பல ஆண்டுகளின் பின் பேராதனையில், வேறொரு கட்டுரைக்காக நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கதையின் மறுபாதி என் கண்ணிற் பட்டது. அந்த மறுபாதி நமது இலங்கைக்கும், இந்தக் கண்டிக்கும் கூட நெருக்கமானது என்பதைக் கண்டபோது, அதனை நம் மன்ற அன்பர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று தோன்றியது.

கரை சேர்ந்த பின்

இங்கிலாந்தின் அரச திருச்சபையிலே உரோமச் சடங்குகளின் எச்சங்கள் மிகுந்து கிடக்கின்றன, அவற்றைக் களைந்து சபையைத் தூய்மையாக்க வேண்டும் என்று 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் வாதாடியவர்கள் பியூரித்தன்மார். தமிழில் அவர்களைத் தூய்மைவாதிகள் எனலாம். மேபிளவரில் சென்றோரிற் பலர், அரச சபையை விட்டு முற்றாகவே பிரிந்துபோன ஒரு சிறு கூட்டத்தார். அவர்கள் முதலில் ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரிலே பத்தாண்டுகளுக்கு மேல் அடைக்கலம் பெற்றிருந்து, பின்னரே அமெரிக்காவுக்குப் புறப்பட்டனர். 1630ஆம் ஆண்டு ஜோன் வின்திறொப் என்பவரின் தலைமையிலே இன்னும் பெரியதொரு கூட்டம் கடல் கடந்து சென்று, மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தையும் பொஸ்ரன் நகரையும் அமைத்தது.

அவர்கள் பட்ட துன்பம் பொய்யன்று. 1637ஆம் ஆண்டில், ஆயர்மாரைக் கண்டித்து எழுதிய குற்றத்திற்காக வில்லியம் பிறின் முதலிய மூவரின் காதுகள் இலண்டனில் மக்கள் முன்னிலையில் அறுக்கப்பட்டன. வாசகர்கள் இந்தக் காதுகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மசச்சூசெற்ஸில் 1631 முதல், சபையின் உறுப்பினராய் ஏற்கப்பட்ட ஆடவருக்கே வாக்குரிமை என்று விதி செய்தார்கள். உறோஜர் வில்லியம்ஸ் என்னும் போதகர், மனிதனின் மனச்சாட்சியை ஆள அரசாங்கத்துக்கு அதிகாரமில்லை என்றும், செவ்விந்தியரின் நிலத்தை அவர்களிடம் பெறாமல் அரசனின் பட்டயத்தைக் கொண்டு எடுப்பது தகாது என்றும் பேசினார். 1635இல் அவருக்கு நாடுகடத்தல் தீர்ப்பாயிற்று. கடுங்குளிர்காலத்தில் பனியினூடே நடந்து சென்ற அவருக்கு இடம் தந்தவர்கள் பழங்குடி மக்கள். அவர்களுள் நறகன்செற் என்னும் குடியினர் தந்த நிலத்திலே 1636இல் பிறொவிடன்ஸ் என்ற ஊரை அவர் அமைத்தார். கிறித்தவர்கள் துரத்திய கிறித்தவப் போதகருக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள், கிறித்துவின் பெயரையே அண்மையிற் கேட்ட மக்கள் என்பதைக் கவனிக்க.

அடுத்து ஆன் ஹச்சின்சன் என்ற பெண்மணி தம் வீட்டிலே பெண்களைக் கூட்டி, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களைப் பற்றி விளக்கமும் விமரிசனமும் கூறலானார். 1637இல் அவரை விசாரித்து, மறு ஆண்டு குடியேற்றத்தை விட்டு வெளியேற்றினார்கள். 1656இல் குவேக்கர் என்னும் பிரிவைச் சேர்ந்த இரு பெண்கள் கப்பலில் வந்திறங்கினர். ஒவ்வொரு மனிதரின் உள்ளத்திலும் இறைவனின் ஒளி உண்டு, அதற்குக் குருமார் வேண்டியதில்லை என்பது குவேக்கரின் கொள்கை. வந்தவர்களின் புத்தகங்கள் எரிக்கப்பட்டன. அவர்கள் சிறையிருத்தப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்டார்கள். ஆயினும் குவேக்கர்கள் மீண்டும் மீண்டும் வந்தனர். 1658இல் மூன்று குவேக்கர்களின் வலக்காதுகள் பொஸ்ரனில் அறுக்கப்பட்டன. இலண்டனில் தம்மவரின் காதுகள் அறுபட்டு இருபத்தோராண்டுகளே ஆகியிருந்தன.

அதுவும் போதவில்லை. அதே 1658இன் ஒக்ரோபர் மாதத்தில், வெளியேற்றப்பட்ட குவேக்கர் திரும்பி வந்தால் மரணதண்டனை என்று சட்டம் இயற்றினார்கள். 1659 ஒக்ரோபர் 27ஆந் திகதி இருவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களோடு தூக்குமரத்தின் கீழ் கழுத்திற் கயிற்றோடு நிறுத்தப்பட்ட மேரி டையர் என்னும் பெண்மணி, கடைசி வேளையில் விடுவிக்கப்பட்டு வெளியே அனுப்பப்பட்டார். அநீதியான சட்டத்தைத் தம் உயிரைக் கொடுத்தேனும் எதிர்ப்பது என்று அவர் திரும்பி வந்தார். 1660 யூன் 1ஆந் திகதி அவரையும் தூக்கிலிட்டார்கள். 1661இல் இன்னும் ஒருவர் அவ்வாறே மாண்டார். அதன் பின்னரே இங்கிலாந்தரசன் இரண்டாம் சார்ள்சின் கட்டளை வந்து இந்தக் கொலைகளைத் தடுத்தது. தூய்மைவாதிகள் யாருடைய ஆட்சிக்கு அஞ்சிக் கடல் கடந்தார்களோ, அந்த அரசனின் மகன் அவன்.

இதற்கிடையில் வில்லியம்ஸ் தொடங்கிய உறோட் ஐலன்ட் குடியேற்றத்தாரை நோக்கி, நீங்களும் குவேக்கரைத் துரத்துங்கள் என்று அயற்குடியேற்றங்கள் வற்புறுத்தின. 1657இல் அவர்கள் அனுப்பிய மறுமொழியின் சாரம் சுவையானது. எங்கே தடுப்பாரில்லையோ அங்கே வருவதற்கு இவர்கள் அவ்வளவு ஆவல் கொள்வதில்லை. எங்கே துன்புறுத்துகிறீர்களோ அங்கேதான் இவர்களுக்கு ஆள் சேருகிறது என்றார்கள். வில்லியம்ஸுக்கே குவேக்கரின் கொள்கை சற்றும் பிடிக்காது. அவர்களோடு முதுமையிலும் நாட்கணக்காக வாதிட்டார். ஆனால் வாதத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரே ஆண்டில் இரு கட்டளைகள்

இனி நமது நாட்டுக்கு வருவோம். பொஸ்ரனில் மரணச் சட்டம் பிறந்த அதே 1658ஆம் ஆண்டின் யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தரும் தூய்மைவாதிகளைப் போலவே கல்வின் என்னும் சீர்திருத்தவாதியின் நெறியைப் பின்பற்றியவர்கள். கத்தோலிக்க ஸ்பானியாவின் சமய ஒடுக்குமுறையை எதிர்த்து 1568 முதல் 1648 வரை எண்பதாண்டுகள் போராடி விடுதலை பெற்றவர்கள். மேபிளவர் கூட்டத்தாருக்கு லெய்டனில் அடைக்கலம் கொடுத்ததும் இவர்களுடைய நாடே.

அத்தகையோர் இங்கே செய்ததென்ன? 1658 செப்ரெம்பரில், கத்தோலிக்க குருவுக்கு இடங்கொடுப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறப்பித்தார்கள். பொஸ்ரன் சட்டத்துக்கும் இதற்கும் ஒரு மாத இடைவெளிதான். பூமியின் இரு கோடிகளில், ஒருவரையொருவர் கேளாமலே, ஒரே நெறியினர் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

சைவர்களாகிய நம் முன்னோரும் தப்பவில்லை. அரசாங்க உத்தியோகம் வேண்டுமாயின் ஞானஸ்நானம் வேண்டும். திருமணமும் பிள்ளைகளும் சட்டப்படி ஏற்கப்பட்டு, சொத்துரிமை நிலைக்க வேண்டுமாயின் கோயிற்பற்றுப் பதிவேட்டிற் பெயர் வேண்டும். பிள்ளைகள் பாடசாலைக்கு வராவிடிற் குற்றப்பணம். இவ்வாறு பதிவேட்டிலே கிறித்தவராயும் வீட்டுக்குள்ளே சைவராயும் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். பறங்கியர் காலத்திலே விரதச் சாப்பாடு உண்ட வாழையிலையை வெளியே எறியப் பயந்து கூரையிலே செருகி மறைத்த கதையை யாழ்ப்பாணத்துப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் நம்மில் உண்டு.

துன்பப்பட்டவர்கள் ஏன் இவ்வாறு துன்பம் செய்தார்கள்? இரு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. முதலாவது, இவர்கள் தமது நெறிக்கு உரிமை கேட்டார்களேயன்றி, மனச்சாட்சிக்கு உரிமை கேட்கவில்லை. எங்கள் நெறி உண்மை, ஆதலால் எங்களைத் தடுத்தது அநீதி என்பது அவர்களின் வாதம். அந்த வாதத்தின்படி, பொய்ந்நெறியைத் தடுப்பது நீதியாகிவிடுகிறது. இரண்டாவது காரணம் பயம். மசச்சூசெற்ஸ் மக்கள் காட்டினோரத்திற் சிறு கூட்டமாய் வாழ்ந்தார்கள். ஒற்றுமை குலைந்தால் அழிந்துபோவோம் என்று அஞ்சினார்கள். ஒல்லாந்தர் கண்ணுக்கோ ஒவ்வொரு கத்தோலிக்கனும் போர்த்துக்கேயரின் ஒற்றனாய்த் தெரிந்தான். வேறு நெறியான் என்பதும் வேற்றரசின் கையாள் என்பதும் ஒன்றாகிவிட்டால் அப்புறம் விசாரணையே வேண்டியதில்லையன்றோ?

கண்டிக்கு வந்த இளைஞன்

மேரி டையர் தூக்கிலேறுவதற்கு ஏறக்குறைய இரு மாதங்களுக்கு முன், 1660இல், திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் ஓர் ஆங்கிலக் கப்பலின் தலைவரும் அவருடைய மகனும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். மகனின் பெயர் றொபேட் நொக்ஸ். வயது பத்தொன்பது. அவன் தன்னோடு கொண்டுவந்த இரண்டு சமய நூல்களும் தூய்மைவாதிகளின் வீடுகளில் விரும்பிப் படிக்கப்பட்டவை. மறு ஆண்டே தந்தை காய்ச்சலால் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டிலே சிறையிருந்தான். அவன் கடைசியாக வாழ்ந்த எலதெத்த என்னும் கிராமம் இங்கிருந்து சில மைல் தூரத்தில் உடுநுவரையில் இருக்கிறது.

சிறையென்றாலும் விலங்கில்லை. ஊரார் சோறு கொடுத்தார்கள். அவன் தொப்பி பின்னி விற்றான், நெல்லைக் கடன் கொடுத்து வட்டி பெற்றான், வீடு கட்டினான். ஒருநாள் கிழவர் ஒருவரிடம் ஆங்கில விவிலியம் ஒன்று இருக்கக் கண்டு, தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டான். அந்தப் புத்தகத்தை ஒருவரும் அவனிடமிருந்து பறிக்கவில்லை. 1681இல் இலண்டனில் வெளியிட்ட தன் நூலிலே, அரசனின் கொடுமைகளை விரிவாக எழுதிய நொக்ஸ், இந்த நாட்டார் பிறர் சமயத்தை இகழ்வதில்லை என்பதையும், கிறித்தவரின் வழிபாட்டிலே அரசன் தலையிடவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினான். அவனுடைய சமயத்தார் பொஸ்ரனில் ஆண்ட அதே ஆண்டுகளில், அவன் இங்கே அச்சமின்றிச் செபம் செய்தான்.

ஆனால் இவன் கதையும் பாதியில் நிற்கக்கூடாது. 1679இல் தப்பி இங்கிலாந்து சேர்ந்த நொக்ஸ் கப்பற்றலைவனானான். 1684இல் அவன் கப்பல் அடிமைகளைப் பெறுவதற்காக மடகஸ்கார் தீவுக்கு அனுப்பப்பட்டது. பத்தொன்பதாண்டு சிறைப்பட்டிருந்தவன் பிறரைச் சிறைப்படுத்தும் தொழிலை ஏற்றான். துன்பம் மனிதனுக்குத் தானாகவே இரக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடும் என்று நாம் நம்புவதற்கில்லை.

கண்டியின் கதவு

கண்டி இராச்சியத்தின் கதவு நொக்ஸுக்கு மட்டும் திறந்திருக்கவில்லை. 1626ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, செனரத் மன்னன் அவர்களை ஏற்றுக் கிழக்குக் கரையிற் பலரைக் குடியேற்றினான். பின்னர் ஒல்லாந்தரின் கட்டளைக்கு அஞ்சிய கத்தோலிக்கரும் கண்டி நாட்டுக்கே ஓடி வந்தார்கள். மாத்தளைப் பகுதியில் உள்ள வாகக்கோட்டைக் கத்தோலிக்கக் கிராமம் அந்தக் காலத்தின் வாழும் சாட்சி. இதில் வியப்பென்னவெனில், 1638இல் இராசசிங்கனுடன் செய்த உடன்படிக்கையிலேயே, கத்தோலிக்க குருமாரை நாட்டில் இருக்க விடக்கூடாது என்று ஒல்லாந்தர் ஒரு விதியைச் சேர்த்திருந்தார்கள். ஏட்டிலிருந்த விதி நாட்டிலே நடக்கவில்லை.

1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் என்னும் குரு, கூலியாளின் வேடத்திலே இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் மறைவாகத் தொண்டு செய்து, 1692இல் கண்டியை அடைந்தார். இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று அரசவையிலே கோள் மூட்டியவர் லனரோல் என்ற பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர். அவருடைய நெறியினரே தம் தாய்நாட்டில் 1685இல் வழிபாட்டுரிமையை இழந்து, ஊரூராய் ஓடிக்கொண்டிருந்தவர்கள்! வாஸ் சிறையிலிடப்பட்டார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்கும் ஐயம் எழுந்தது உண்மையே. ஆயினும் காலப்போக்கில் இவர் ஒற்றரல்லர் என்று தெளிந்து, நடமாடவும் தொண்டு செய்யவும் விட்டான். மன்னன் தான் பௌத்தனாகவே இருந்தான். 1697இல் கண்டியிலே பெரியம்மை பரவியபோது, உற்றாரே கைவிட்ட நோயாளரை வாஸ் அடிகள் சாதி சமயம் பாராது பேணினார். 1711இல் இந்த நகரிலேயே உயிர் நீத்தார். 2015இல் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஐயம் கொள்வது அரசுக்கு இயல்பு. ஐயத்தை விசாரித்து, நெறியை நெறியாகவும் குற்றத்தைக் குற்றமாகவும் பிரித்துப் பார்த்தானே, அங்கேதான் அந்த மன்னன் பொஸ்ரன் நீதிபதிகளினின்றும் வேறுபடுகிறான்.

இவ்விடத்தில் நான் நிறுத்தினால் கண்டிவாசிகளாகிய நாம் மகிழ்ச்சியோடு வீடு செல்லலாம். ஆனால் என் ஆசிரியர் செய்த பிழையையே நானும் செய்தவனாவேன். 1739இல் அரியணையேறிய சிறீ விசய இராசசிங்கன், தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வழியின் முதல் அரசன். அவனுடைய காலத்திலே, 1740களில், கண்டி நாட்டுக் கத்தோலிக்கரின் ஆலயங்கள் அழிக்கப்பட்டன. குருமார் வெளியேற்றப்பட்டனர். அயல்நாட்டு வழியினனாகிய அரசனுக்குத் தான் பௌத்த நெறியின் காவலன் என்று காட்டவேண்டிய தேவை இருந்தது என எண்ண இடமுண்டு. நூறாண்டுகளாகத் திறந்திருந்த கதவு ஓர் அரசனின் காலத்தில் மூடிக்கொண்டது. அரசனின் நல்லெண்ணத்தை நம்பியிருந்த உரிமை, அந்த எண்ணம் மாறியபோது மறைந்தது. பிரித்தானியர் ஆட்சியிலே 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் இலங்கையிற் சட்டப்படி நீக்கப்பட்டன. பிரித்தானியாவிலேயே அது 1829 வரை நடக்கவில்லை.

நமது மறுபாதி

நம் மன்றங்களிலும் சரித்திரம் பேசப்படுகிறது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டதையும், பின்னர் திருக்கோணேசுவரம் இடிக்கப்பட்டதையும் நாம் கண்ணீரோடு சொல்லுகிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கப்பற் பாடத்தைப் போல, நம் பாடமும் நாம் பட்ட துன்பத்தோடு நின்றுவிடுகிறதன்றோ? 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே சென்று வணங்க வந்த சைவ மக்களைத் தடுத்து நின்றவர்கள் பறங்கியரல்லர், ஒல்லாந்தரல்லர். கோயில் இழந்து அழுதவர்களின் வழித்தோன்றல்களே. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிப் பதினொரு ஆண்டுகளின் பின் அது நடந்தது.

இனி என் சொந்தக் கதை. சில காலத்துக்கு முன் நான் இருந்த ஓர் இளைஞர் கூட்டத்தில், அயலிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த தம்பி ஒருவர் எழுந்தார். "அண்ணன்மாரே, எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் மாடசாமியும் முனியாண்டியும் இருக்கிறார்கள். என் பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் கும்பிடுகிறோம். நீங்கள் எழுதுகிற சமயக் கட்டுரைகளில் அவர்கள் ஏன் ஒரு முறையும் வருவதில்லை? நாங்களும் இந்துக்கள்தானே?" என்று கேட்டார். அது ஆகம நெறியன்று என்று ஒரு பெரியவர் சுருக்கமாகச் சொன்னார். யாரோ ஒருவர் சுருட்டையும் சாராயத்தையும் பற்றிப் பகடியாய் ஏதோ கூறினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தம்பி உட்கார்ந்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

காதை அறுப்பதும் கழுத்திற் கயிறிடுவதும் எங்கோ பழங்காலத்தில் நடந்தவை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பொஸ்ரனிலும் தூக்குமரம் முதல் நாளே நடப்படவில்லை. ஒருத்தி தன் வீட்டிலிருந்து கேட்ட கேள்வியைச் சகிக்க முடியாமற் போனதிலிருந்தே அந்தப் பாதை தொடங்கியது.

பெரியோர்களுக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. ஆகமத்தைக் கைவிட வேண்டுமென்றும் கேட்கவில்லை. வில்லியம்ஸ் போல நாமும் வாதிடலாம், நாட்கணக்காக வாதிடலாம். கேட்டவரை உட்கார வைக்காமல் வாதிட வேண்டும். அவ்வளவே என் விண்ணப்பம்.

சென்ற மாதம் அந்தத் தம்பியின் வீட்டைத் தேடிச் சென்றேன். தேயிலை மலைச்சரிவில், ஒரு பெரிய மரத்தடியிலே மாடசாமியைக் காட்டினார். அவருடைய பாட்டி எனக்குத் திருநீறு தந்தார். கூட்டத்திலே சிரித்ததற்கு வருந்துகிறேன் என்று சொன்னேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் தந்தார். அடுத்த ஆண்டு மலருக்கு அவர் கேட்ட கட்டுரையை அவரே எழுத வேண்டுமென்று கேட்டு வந்திருக்கிறேன். அதற்கு இம்மலரிலே நாலு பக்கம் ஒதுக்கி வைக்கும்படி ஆசிரியர் குழுவை வணக்கத்தோடு கேட்டுக்கொள்கிறேன்.